வித்திலையின் அடிப்பாதி

திசு வளர்ப்புக் கூடத்தில், லேமினார் ஃப்ளோவின் காற்று இரைச்சலுக்கு முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன. ஃபோர்செப்ஸை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, ஆறவிட்டு, ஜாடிக்குள் நுழைக்கிறார். இருட்டில் முளைத்த தர்பூசணி நாற்று வெளிறிய மேனியோடு வெளியே வருகிறது. ஓட்டை நீக்கி, குளோரின் கரைசலில் கழுவிப் போட்ட விதை. வித்திலைகள் இன்னும் முழுசாக விரியவில்லை.

பயிற்சிக்கு வந்த பெண் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

“நுனிப் பக்கம் வேணாமா அக்கா?”

“அதுல ஒண்ணும் வராதும்மா. தண்டை ஒட்டின பக்கம்தான் தளிர் விடும்.”

பிளேடு இறங்குகிறது. நுனிப்பாதி கழிவுக்குப் போகிறது. வித்திலைகள் கூடும் கவட்டில் கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு குருத்து. அதையும் சுரண்டி எடுத்துவிடுகிறார். என்னை வெகுநேரம் அங்கேயே நிறுத்தியது இந்தச் சுரண்டல்தான். குருத்தை விட்டுவைத்தால் அது தன் பாட்டுக்கு வளர்ந்து, புதுத் தளிர் வந்துவிட்டது என்று நம்ப வைத்துவிடும். இவர்களுக்கு வேண்டியதோ, அதுவரை தளிராகும் உத்தேசமே இல்லாத இலைத்திசுவிலிருந்து பிறக்கும் தளிர்.

துண்டு அகார் மேல் அமர்கிறது. 1962இல் முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவை அது. கூடவே சர்க்கரை, தளிரைத் தூண்டும் சைட்டோகைனின்.

வளர்ப்பறையில் டியூப் லைட் வெளிச்சம். ஒரு ஜாடியில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. திறக்காமலே ஆட்டோகிளேவுக்கு ஒதுக்குகிறார். இன்னொன்றில் தளிர்கள் நீர்கோத்துக் கண்ணாடி போலப் பளபளக்கின்றன. அவை வெளிக்காற்றைத் தாங்காது. மூன்றாவதில் வெட்டுவாய் வீங்கி, பச்சை மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த ஜாடியை மட்டும் அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

வாழைத் திசு வளர்ப்பில் ஒவ்வொரு கன்றும் தாயை உரித்துவைத்தாற்போல் இருக்க வேண்டும். இங்கே தேடப்படுவது மாறிப் பிறந்த பிள்ளை. தர்பூசணிக்கு 22 குரோமோசோம்கள். இப்படி மீளும் தளிர்களில் சில, தாமாகவே இரட்டித்து 44 ஆகிவிடுகின்றன. அந்த 44ஐத் தாயாக வைத்து, 22இன் மகரந்தத்தைச் சேர்த்தால் 33. அந்த 33இன் செடியில் காய்ப்பதுதான் விதையில்லாப் பழம். ஜப்பானில் கிஹாரா அந்த இரட்டிப்புக்குக் கோல்சிசின் என்னும் நஞ்சைக் கையாண்டார். 1951இல் அதை விரிவாக எழுதினார். இங்கே நஞ்சு வேண்டியிருக்கவில்லை. பிளேடும் பொறுமையும் செய்கிற வேலை எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

மாலையில் மைக்ராஸ்கோப். இலையின் அடித்தோலை உரித்து, இலைத்துளையின் காவல் செல்லுக்குள் இருக்கும் பச்சைய மணிகளை எண்ணுகிறார். இரட்டித்த செடியென்றால் மணிகளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதடு அசைகிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து.

“ஜாஸ்தியா இருக்காக்கா?”

“இருக்கு. இன்னொரு இலையையும் உரி. ஒரே செடியில ரெண்டும் கலந்தும் வரும். வேர் விட்டு, தொட்டியில நின்னு, காயும் பிடிக்கட்டும். அந்த விதையையும் பார்த்துட்டுத்தான் எழுதணும்.”

பெண் அடுத்த இலையைக் கிள்ளுகிறாள்.