தேவதாஸ் பார்த்த இரவு

காதலுக்காக மடிந்தவர் கதை என்றதும் நம் நாட்டினர்க்கு முதலில் நினைவுக்கு வருபவன் தேவதாஸே. வங்க ஆசிரியர் சரத் சந்திரர் தம் இளமையில் எழுதி, 1917-ஆம் ஆண்டில் அச்சேறிய அச்சிறு நாவலைப் பலரும் பலமுறை படமாக்கியிருக்கின்றனர். ஸைகால் நடித்த பழைய இந்திப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராயே, 1955-இல் திலீப்குமாரைக் கொண்டு அக்கதையை மீண்டும் எடுத்தார். அதிற் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலா, துணை நடிகைக்குரிய பரிசு தமக்கு அளிக்கப்பட்டபோது, சந்திரமுகி பார்வதிக்கு நிகரான பாத்திரமே என்று கூறி அதனை ஏற்க மறுத்துவிட்டார். கலைநயத்தில் அப்படமே உயர்ந்ததென்பது என் கருத்து. ஆயினும் என் நெஞ்சை விட்டகலாதது, வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் 1953-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த தேவதாஸ்தான்.

அதில் நாகேசுவரராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி, லலிதா சந்திரமுகி. இசையமைத்த ஸி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருமுன்னரே, 1952-இல், இளவயதிற் காலமானார். எஞ்சிய பணியை அவருடைய உதவியாளராயிருந்த விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்தனர். கண்டசாலாவின் குரலில் அப்பாடல்கள் ஊரெங்கும் ஒலித்ததை அவர் கேட்கவில்லை.

யான் இக்கல்லூரியிற் புகுமுக வகுப்பு முடித்து, 1968-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஊர்ப்புறத்தே ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. பழைய படங்களே அங்கு வரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இடுப்பளவு மண்சுவர். மணலைக் குவித்து அதன்மேல் அமர்வோம். இயந்திரம் ஒன்றேயாதலால், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கேற்றுவர். முறுக்கு விற்பவன் உள்ளே வந்துவிடுவான்.

அன்று பார்வதியை முதிய ஜமீன்தாருக்கு மணமுடித்தபின் ஒரு சுருள் தீர்ந்தது. விளக்கெரிந்ததும் சுவருக்கு அப்பாலிருந்த பெண்டிர் அனைவரும் விரைந்து முந்தானையாற் கண்களைத் துடைத்துக்கொண்டனர். அத்தை மட்டும் துடைக்கவில்லை, அழவுமில்லை. வெறுந்திரையையே நோக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை என் தந்தையாரின் தமக்கை. பதினாறாம் வயதில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். மூத்தாள் மகன் அவளினும் இரண்டாண்டு பெரியவர். நரைத்த மீசையோடு அவர் அவளைச் "சின்னம்மா" என்று அழைப்பது சிறுவர்களாகிய எங்களுக்கு நகைப்பாயிருக்கும். ஏன் அப்படி என்று அதுவரை யான் எண்ணிப் பார்த்ததில்லை.

இறுதிக் காட்சி வந்தது. தேவதாஸ் ஜமீன்தார் வீட்டு வாயிலில் வந்து விழுகின்றான். செய்தியறிந்த பார்வதி ஓடுகின்றாள். அவள் எட்டுமுன் கதவு அடைபடுகின்றது. கொட்டகையே விம்மியது. நானும் அழுதேன்; பதினேழு வயது இளைஞன் அழாதிருந்தாற்றான் வியப்பு.

திரும்பும் வழியெல்லாம் நாகேசுவரராவின் நடிப்பையே புகழ்ந்துகொண்டு வந்தேன். வாய்க்காற்பாலம் கடக்கும்வரை அத்தை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"அவன் குடித்தான், செத்தான், தீர்ந்தது தம்பி. எல்லாரும் அவனுக்கே அழுகிறீர்கள். பொழுது விடிந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியவள் அவளல்லவா?"

சற்று நேரங் கழித்து, தனக்குத்தானே பேசுபவள்போல, "கதவைச் சாத்தினவர்களும் பொல்லாதவர்களல்லர், அவர்களுக்கும் அவள்தான் சோறு போடவேண்டும்" என்றாள். யாரையேனும் நினைத்துச் சொன்னாளோ என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவளும் மேலே சொல்லவில்லை. அன்றைக்குப்பின் அப்பேச்சை எடுத்ததுமில்லை.

வீடு சேர நள்ளிரவு கடந்துவிட்டது. திண்ணையில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "ஏன் சின்னம்மா, இவ்வளவு நேரமா?" என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.