மூங்கில் கொட்டகையில் பிறந்த பாடம்

நம் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் உறவினர் வீடுகளுக்கெல்லாம் இனிப்பு போகும். பின்னர் மேற்படிப்பு, வெளிநாடு, சொந்த மருத்துவமனை என்று நாம் அடுக்கடுக்காகக் கனவு காண்போம். அக்கனவில் தவறேதும் இல்லை. ஆயினும், அதனினும் பெரிய கனவு கண்ட ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றோம். அவர், வங்கதேசத்து மர்ஹூம் டாக்டர் ஜஃபருல்லாஹ் சௌத்ரி.

1941இல் பிறந்த அவர், டாக்கா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவத்தில் உயர்கல்வி பெற இங்கிலாந்து சென்றார். 1971இல் தாயகத்தில் விடுதலைப் போர் மூண்டதும், அப்படிப்பை முடிக்காமலே புறப்பட்டு வந்தார். எல்லையை அடுத்த திரிபுராவில், நண்பர் டாக்டர் மொபினுடன் சேர்ந்து, மூங்கிலால் 480 படுக்கைகள் கொண்ட கள மருத்துவமனையை எழுப்பினார். காயமுற்றோர் வந்தவண்ணம் இருந்தனர். பயின்ற தாதியர் போதவில்லை. மருத்துவம் அறியாத இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அவர்களோ அப்பணியைத் திறம்பட ஆற்றினர். சௌத்ரியின் பிற்கால வாழ்வுக்கு அதுவே வித்தாயிற்று.

போர் முடிந்தபின் அவர் இங்கிலாந்து சென்று பட்டத்தை நிறைவு செய்திருக்கலாம். மாறாக, 1972இல் டாக்காவை அடுத்த சாவரில் 'கோனோஷாஸ்தய கேந்திரா' என்னும் மக்கள் நலவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்குப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டனர். கருவுற்ற தாய்மாரைக் கவனித்தனர். பெண் சைக்கிள் ஏறுவதா என்று முகம் சுளித்தோரும் உண்டு. ஆனால், அந்நிய ஆடவர் முன் நோயைச் சொல்ல நாணும் தாய், தன்னைப் போன்ற பெண்ணிடம் மனம் திறப்பாள் என்பதை நாம் அறியோமா?

மருந்தின் விலை ஏழையை வாட்டுவதைக் கண்டு, 1981இல் மருந்துத் தொழிற்சாலையும் நிறுவினார். 1982இல் வங்கதேசம் வகுத்த தேசிய மருந்துக் கொள்கையில் அவர் பங்கு பெரிது. பயனற்றவை, தீங்கானவை எனக் கண்ட ஏறத்தாழ 1,700 மருந்துகளை அக்கொள்கை விலக்கியது. பன்னாட்டு நிறுவனங்களும் உள்நாட்டு மருத்துவர் பலரும் எதிர்த்தனர். இராணுவ ஆட்சியோடு அவர் ஒத்துழைத்தார் என்ற குறையும் எழுந்தது. அது ஆராயத்தக்கதே. எனினும், இன்றியமையா மருந்துகள் எளியோர் கைக்கெட்டும் விலைக்கு வந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

முதுமையில் சிறுநீரகம் பழுதுற்றபோதும் அவர் வெளிநாட்டு மருத்துவத்தை நாடவில்லை. தம் நிறுவனத்தின் டாக்கா மருத்துவமனையிலேயே 2023 ஏப்ரல் 11இல் இறையடி சேர்ந்தார்.

பயன் தரும் கல்வி, இறந்தபின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா என்று நம் மார்க்கம் கற்பிக்கின்றது. மருத்துவர் கை ஓய்ந்துவிடும். அவர் கற்பித்த கைகள் ஓயா. ஆகவே, டாக்டராகித் திரும்பும் நம் பிள்ளையிடம், "எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்குமுன், "எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாய்?" என்று கேட்போமாக.