டெபாசிட் போனால் கட்சி போச்சா?

இடைத்தேர்தல் ரிசல்ட் வரும் நாளில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது. 'சட்டமன்றத் தேர்தலுக்கு இதுதான் முன்னோட்டமா?', 'இனி அந்தக் கட்சியின் கதி என்ன?' என்று நாலைந்து தலைப்புகள், முதல் சுற்று எண்ணி முடிப்பதற்குள் தயாராகிவிடும்.

2025 பிப்ரவரி 8, ஈரோடு கிழக்கு ரிசல்ட் அன்றும் அப்படித்தான். தி.மு.க-வின் வி.சி.சந்திரகுமார் 90 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். (2011-ல் இதே தொகுதியில் தே.மு.தி.க-வின் முரசு சின்னத்தில் ஜெயித்தவரும் இவரேதான்!) இரண்டாவது வந்த நாம் தமிழர் கட்சிக்கு டெபாசிட் போனது. அ.தி.மு.க களத்திலேயே இல்லை. முந்தைய ஆண்டு விக்கிரவாண்டியைப் போலவே இதையும் புறக்கணித்துவிட்டது.

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டில் இதை ஜீரணிக்க முடியாத ஒருவர் இருக்கிறார். என் தாத்தா. "ஏத்தா, தோத்தா பரவால்லை. மெஷின்ல இலையே இல்லைன்னா, பழகின கை எங்க போகும்? ஒருவாட்டி வேற பட்டனை அமுக்கிட்டா, அப்புறம் கூச்சம் விட்டுப்போகும்ல?" என்றார். தொலைக்காட்சி விவாதங்களில் இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் வருத்தத்துக்குக் காரணம் உண்டு. வேலை தேடி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து, பிறகு வேப்பம்பட்டில் மனை வாங்கிக் குடியேறுவதற்கு முன், தாத்தா திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்து ஆள். இரட்டை இலைக்கு முதன்முதலாக விழுந்த ஓட்டுகளில் அவருடையதும் ஒன்று. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர் கட்சி தொடங்குகிறார். ஏழே மாதத்தில், 1973 மே மாதம், திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாவது. மாநிலத்தை ஆண்ட தி.மு.க மூன்றாவது. டெல்லியை ஆண்ட இந்திரா காங்கிரஸ் அதற்கும் கீழே. 1977-ல் எம்.ஜி.ஆர் முதல்வரானார்.

இடைத்தேர்தல் எதிர்காலத்தைச் சொல்லும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியதற்கு அந்த ஒரு ரிசல்ட்டே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், அதற்குப் பிறகு வந்த பலவும் அந்த நம்பிக்கையைக் கேலி செய்திருக்கின்றன.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூட ஜெயிக்காத அ.தி.மு.க, 2005 மே மாதம் கும்மிடிப்பூண்டியிலும் காஞ்சிபுரத்திலும் இடைத்தேர்தல்களை ஜெயித்தது. 'அம்மா மீண்டுவிட்டார்' என்று பேசினார்கள். சரியாக ஒரு வருடம். 2006 மே மாதம் ஆட்சி போனது.

அடுத்து தி.மு.க-வின் முறை. 2009 ஜனவரியில் திருமங்கலம். ஓட்டுக்குப் பணம் என்றாலே 'திருமங்கலம் ஃபார்முலா' என்று சொல்லும் அளவுக்குப் பெயர் வாங்கிய தேர்தல். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்து தொகுதி இடைத்தேர்தல்களை அ.தி.மு.க புறக்கணித்தது. ஆமாம், அப்போதும் புறக்கணிப்புதான்! 2010 மார்ச்சில் பென்னாகரத்தில் நின்று மூன்றாவது இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 2011-ல் அதே கட்சிக்கு 150 இடங்கள். வரிசையாக இடைத்தேர்தல்களை ஜெயித்துக்கொண்டிருந்த தி.மு.க 23 இடங்களோடு நின்று, எதிர்க்கட்சி அந்தஸ்தையும் தே.மு.தி.க-விடம் விட்டது.

2017 டிசம்பர் ஆர்.கே.நகர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் 40 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க-வுக்கு டெபாசிட் காலி. ஜெயித்தவர் தொடங்கிய அ.ம.மு.க 2021-ல் ஓர் இடம்கூடப் பெறவில்லை. டெபாசிட் இழந்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். வடக்கேயும் இப்படி உண்டு. 2018-ல் யோகி ஆதித்யநாத்தின் கோரக்பூரையே இடைத்தேர்தலில் இழந்த பா.ஜ.க, அடுத்த ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் 80-ல் 62 இடங்களைப் பிடித்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஒரு தொகுதிக்கு மொத்த அமைச்சரவையும் இறங்கி, தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் போட்டு வேலை செய்கிறது. ஆட்சி மாறப்போவதில்லை என்று வாக்காளருக்கும் தெரியும். ஆளுங்கட்சிக்குப் போட்டால் ரோடாவது வருமே என்ற கணக்கு. எங்கள் ரயில்வே மேம்பாலம் வருஷக்கணக்காக இழுத்தடித்தபோது, "இங்க ஒரு இடைத்தேர்தல் வந்தா ஒரே மாசத்துல பாலம் முடிஞ்சிடும்" என்று ஸ்டேஷன் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் இருக்கும் கணக்கை எந்த எக்ஸிட் போலும் பிடிக்காது.

அதற்காக எல்லா இடைத்தேர்தலும் வெறும் சத்தம் என்று சொல்லமாட்டேன். 2019-ல் 22 தொகுதிகளில் நடந்தது. எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியும் அதில் ஒன்று. பூந்தமல்லி உட்பட 13 இடங்கள் தி.மு.க-வுக்கு, 9 இடங்கள் அ.தி.மு.க-வுக்கு. நாடாளுமன்றத்தில் தேனியைத் தவிர எல்லாம் போன அதே நாளில், அந்த 9 இடங்கள்தான் எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியைக் காப்பாற்றின. அங்கே கேள்வி எதிர்காலம் இல்லை. மறுநாள் நாற்காலி இருக்குமா என்பதுதான்.

அதனால் ரிசல்ட் நாளில் நான் இப்போதெல்லாம் ஜெயித்தவரின் வித்தியாசத்தைவிட, தோற்ற கட்சியின் பழைய ஓட்டு எங்கே போனது என்றுதான் தேடுகிறேன். 1973-ல் ஆளுங்கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனதில் அது தெரிந்தது. புறக்கணித்த தேர்தலில் அதைக் கணக்கெடுக்கவே வழியில்லை. தாத்தாவின் பயமும் அதுதான். 2009-ல் புறக்கணித்தும் 2011-ல் ஜெயித்தீர்களே என்று கேட்டேன். "அப்ப அந்தம்மா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஈரோடு ரிசல்ட் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிளைச் செயலாளருக்கு போன் போட்டு, எங்கள் பூத் வாக்காளர் பட்டியலில் ஒரு ஜெராக்ஸ் கேட்டார். தெருவில் யார் வீடு மாறிப்போனார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கண் சரியாகத் தெரியாததால், பெயர்களை வாசிக்கும் வேலை எனக்கு.