ஒரே பெட்டியில் ரெண்டு குடித்தனம்

டிஸ்கி: இது செய்முறை விளக்கம் இல்லீங்க. ஒரு அரைகுறையின் அனுபவம். :-)

எங்க வீட்டுக் கணினி 2016-ல் வாங்கினது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் பிராசசர்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாவது இருக்கணும். நம்ம பெட்டி ஆறாவது தலைமுறை. நல்லா உழைக்கிற மாட்டை அடிமாட்டுக்கு அனுப்ப மனசு வரலை. தங்கமணிக்கோ கணக்கு எழுத டேலி வேணும், அதுக்கு விண்டோஸ் வேணும். சரி, ரெண்டையும் வச்சுக்குவோம்னு முடிவு பண்ணினேன். இணையத்தைத் துண்டிச்சுட்டு கணக்குக்கு மட்டும் விண்டோஸ், மத்ததுக்கெல்லாம் உபுண்டு 24.04.

பெட்டியை அசெம்பிள் பண்ணிக் கொடுத்த அண்ணன் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ-ன்னு மூணா பிரிச்சிருந்தார். இ-ல இருக்கறதை வெட்டி டி-ல ஒட்டிட்டு, காலியான இ-யில உபுண்டுவைக் குடி வைக்கறதா திட்டம். "என்னங்க, மொதல்ல போட்டோவையெல்லாம் வேற எதுலயாவது எடுத்து வைங்க"ன்னு தங்கமணி சொன்னாங்க. டி முழுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அதுக்கு அப்புறம்தான் இ-ல இருந்ததை டி-க்கு மாத்தினேன். இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

பென் டிரைவில் பூட் பண்ணி ஆரம்பிச்சாச்சு. டிஸ்க் முழுசையும் அழிச்சுட்டுப் போடவான்னு கேட்டது. நாமதான் உஷார் பார்ட்டியாச்சே, நானே பிரிச்சுக்கறேன்னு அமுக்கினேன். அங்கதான் வச்சான் ஆப்பு! லினக்ஸில் சி, டி, இ எல்லாம் கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2-ன்னு வெறும் நம்பர்தான். அதில் 400 ஜிபி அளவில் ரெண்டு, அச்சு அசல் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. கடைசியில் இருக்கறதுதான் இ-ன்னு நினைச்சு ஃபார்மட் கொடுத்தேன். விண்டோஸில் எந்தப் பாகத்துக்கும் எந்த எழுத்தையும் வைக்கலாம்ங்கறது அப்ப உறைக்கலை.

எல்லாம் முடிஞ்சு க்ரப் மெனுவில் உபுண்டுவும் விண்டோஸும் அழகா வரிசையில் நின்னுச்சு. விண்டோஸ் உள்ளே போய்ப் பார்த்தா இ காலியா அப்படியே இருக்கு. டி-யைக் காணோம்.

போட்டோவெல்லாம் காப்பியில் இருந்தது. ஆனா இ-ல இருந்து மாத்தின 'பழசு' ஃபோல்டரில்தான் அப்பா குரல் இருந்தது. 2011-ல் செல்போனில் பதிஞ்சது, மூணு நிமிஷம். அடுத்த வருஷம் அப்பா தவறிட்டார். அவர் குரல்னு எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அம்மாகிட்ட சொல்ல தைரியம் வரலை. ரெண்டு நாள் சோறு இறங்கலை.

மூணாம் நாள் ராத்திரிதான் பொறி தட்டுச்சு. ஒரு பாகத்திலிருந்து இன்னொண்ணுக்கு வெட்டி ஒட்டினா, கணினி அங்கே காப்பி எடுத்துட்டு, இங்கே அந்த இடம் காலின்னு குறிச்சுக்கும், அவ்வளவுதான். மேலே வேற எதையும் எழுதாத வரைக்கும் சரக்கு அங்கேயேதான் கிடக்கும். (எஸ்எஸ்டியா இருந்தா டிரிம் துடைச்சிருக்கும். இது பழைய சுத்துற டிஸ்க்.) என் தப்பால இ-யில் யாரும் குடியேறவே இல்லை! நான் சரியா செஞ்சிருந்தா உபுண்டு அதுமேல உக்காந்திருக்கும்.

மறுபடி பென் டிரைவில் பூட் பண்ணி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ஓட்டினேன். கிடைச்சதை எல்லாம் வெளி டிஸ்க்கில் இறக்கச் சொன்னேன், தேடுற இடத்திலேயே எழுதக்கூடாதே. இதில் கோப்புகளோட பழைய பேர் மிஞ்சாது, எல்லாம் நம்பர்தான். ஆடியோ மட்டும் அறுநூத்துச் சொச்சம். ஒவ்வொண்ணா கேட்டேன். ரிங்டோன், பாதியில் அறுந்த பாட்டு, பையன் அழுகை... விடியக்காலை நாலு மணிக்கு, "டேய், மோட்டாரை அணைச்சியா?"ன்னு அப்பா கேட்டார்.

தங்கமணி எழுந்து வந்து பக்கத்தில் நின்னாங்க. ஒண்ணும் பேசலை.

இப்ப அந்தக் குரல் மூணு இடத்தில் இருக்கு. நீங்களும் ரெண்டு குடித்தனம் வைக்கறதா இருந்தா, மொதல்ல ஒவ்வொரு பாகத்துக்கும் அடையாளம் எழுதி வைங்க. காப்பி எடுத்தப்புறம் எதையும் நகர்த்தாதீங்க. நகர்த்தினா, திரும்ப எடுங்க.

பி.கு: உபுண்டு போயிட்டு விண்டோஸ் வந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி நிக்கும். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு நினைச்சுக்கும். உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாத்தினதும் வீட்ல சண்டை ஓய்ஞ்சுது. :-)