கக்கத்தில் ஒரு கயிறு

நவம்பர் 4, திங்கள்

குளித்துவிட்டு ரவிக்கைக்குள் வலது கையை நுழைத்தபோது கக்கத்தில் சுரீரென்று இழுத்தது. கண்ணாடி முன்னால் நின்று கையைப் பக்கவாட்டில் தூக்கினேன். தோளுக்கு மேல் போக மறுக்கிறது. கக்கத்திலிருந்து முழங்கை மடிப்பு வரை தோலுக்கடியில் இறுகக் கட்டிய கொடிக்கயிறு போல ஒன்று புடைத்து நிற்கிறது. கையை இறக்கினால் மறைந்துவிடுகிறது. கட்டி திரும்பிவிட்டதோ என்றுதான் நினைப்பு ஓடியது.

புற்றுநோய்க்காக மார்பையும் கக்கத்து நிணநீர் நெறிகளையும் எடுத்தபின் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். மாத்திரை, தையல் பிரிக்கும் நாள், அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் இருக்கின்றன. கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதினி பார்த்துவிட்டு, "நரம்பு சுருண்டு கெடக்கு. வத்திராயிருப்புல சுளுக்கு எடுக்கிறவர்ட்ட போயி வெளக்கெண்ண போட்டு ஒரு உருவு உருவுனா சரியாப் போகும்" என்றார்.

நவம்பர் 6, புதன்

அடுத்த தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வருகிறாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள். மதினியே போய்க் கூட்டி வந்தார். சுளுக்கு வைத்தியர் யோசனை சொன்னவரும் அவர்தான்!

அவள் தொட்டுப் பார்த்ததும், "இது நரம்பு இல்ல டீச்சர், சுளுக்கும் இல்ல. கட்டியும் திரும்பி வரல" என்றாள். கக்கத்து நெறிகளை எடுக்கும்போது அவற்றுக்குப் போகும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அறுபடுகின்றன. போக வழியில்லாமல் உள்ளே நீர் தேங்கி உறைய, குழாய் தடித்து விறைக்கிறது. பெரும்பாலான மருத்துவர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்களாம். அறுவைக்குப் பின் சில வாரங்களுக்குள் தலைகாட்டும். ஒல்லியான உடம்பில் பளிச்சென்று தெரியும். சிலருக்குக் கட்டைவிரல் அடி வரை ஓடும். நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களுக்கு அதிகம், ஒன்றிரண்டு மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்குக் குறைவு.

"யாரையும் அழுத்தி உருவ விடாதீங்க. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், கை வீங்கிரும்" என்று மதினியைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனாள். விளக்கெண்ணெய் அலமாரிக்குத் திரும்பியது.

நவம்பர் 13, புதன்

ஆசிரியப் புத்தி, சும்மா இருக்க விடவில்லை. தேடிப் படித்தேன். இந்தக் கயிற்றுக்குத் தனிப் பெயர் வைத்து விரிவாக எழுதியது 2001இல்தான். மாஸ்கோவிட்ஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 750 பேரின் குறிப்புகளைப் புரட்டி, 44 பேருக்கு இது இருந்ததைக் கண்டார்கள். பிறகு, அறுவை முடிந்த பெண்களை நேரில் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வுகளில் கணக்கு இதைவிடப் பல மடங்கு ஏறியது. பார்த்தால்தானே தெரியும். பெண்கள் காலங்காலமாக வாயை மூடிக்கொண்டு கையை மடக்கி வைத்திருந்திருக்கிறார்கள்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் கட்டுத்துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. என் மார்பைச் சுற்றியதும் அங்கே நெய்ததாக இருக்கலாம். கட்டுப் பிரித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் எந்தச் சீட்டிலும் காணோம்.

பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் எளிமையானவை, ஆனால் பொறுமையைச் சோதிப்பவை. மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் மெல்லக் கொண்டுபோக வேண்டும். இழுவை தெரிந்த இடத்தில் நிறுத்தி மூச்சை ஆழமாக விட வேண்டும். அடுத்தது சுவரில் விரல்களால் ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். மூன்றாவது, கையைப் பக்கவாட்டில் நீட்டி மணிக்கட்டைப் பின்னுக்கு வளைப்பது. அவள் வரும் நாளில் கயிற்றின் மேல் இரு கட்டைவிரலை வைத்து, தோலை எதிரெதிர்ப் பக்கம் மெதுவாக இழுத்துப் பிடிக்கிறாள். இழுக்கலாம், குத்தக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

நவம்பர் 22, வெள்ளி

கிருஷ்ணன்கோவில் வழியாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். கீமோ அறுவைக்கு முன்பே முடிந்துவிட்டதால் இனி கதிர்வீச்சு. அதற்கான பலகையில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் வைக்கச் சொன்னார்கள். கதிர் படும் பாதையில் கை குறுக்கே வரக் கூடாது. சிகிச்சை முடியும் வரை தினமும் அதே கிடைதான். என் கை பாதி வழியில் நின்றது. இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

கொண்டை போட முடியாத சங்கடத்தை நான் பொறுத்துக்கொள்வேன். கை தூக்க முடியாததால் புற்றுநோய்ச் சிகிச்சையே தள்ளிப்போவது பொறுக்கக்கூடியதா? இந்தக் கயிறு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகக் கரையும் என்கிறார்கள். கதிர்வீச்சு அதுவரை காத்திருக்குமா?

டிசம்பர் 5, வியாழன்

கம்பைத் தூக்கும்போது கக்கத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம். மதினி அலறிவிட்டார். கை மட்டும் சட்டென்று லேசாகிக் காதைத் தாண்டிப் போனது. பிசியோ பெண்ணிடம் போனில் சொன்னேன். கயிறு சிலருக்கு இப்படி அறுந்து விடுவதுண்டு, பயமில்லை, ஆனால் வேண்டுமென்றே வெட்டி இழுத்து அறுக்கக் கூடாது என்றாள். கை வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டுமாம்.

டிசம்பர் 12, வியாழன்

பலகையில் படுத்தேன். கை போக வேண்டிய இடத்துக்குப் போனது. திங்கட்கிழமை முதல் கதிர்வீச்சு.

கக்கத்து நெறி எடுத்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் "கைக்கு என்ன பயிற்சி, எந்த நாளிலிருந்து?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதி வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.