ஞமலிகளோடு தரங்கம்பாடிக்கு

வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு நாடுவிட்டு நாடு செல்வோர் மேலைத் தேயங்களிற் பலர் உளர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அமைந்த அவ்வண்டியிலே மனைவி மக்களோடு வீட்டு நாயும் ஏறிக்கொள்ளும். கனடாவில் வாழும் என் பெரியம்மாவின் மகன் அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்து, இரு நாய்களோடு அமெரிக்க எல்லையைக் கடந்து, பசிபிக் கடற்கரையிலுள்ள தன் மைத்துனன் வீட்டிற்குச் சென்று மீண்டான். 2024 ஆகஸ்டு முதல் அந்நாட்டினுட் புகும் நாய் ஒவ்வொன்றும் ஆறு மாதம் நிரம்பியதாயும், தோலின்கீழ் அடையாளச் சில்லு பொருத்தப்பெற்றதாயும் இருத்தல் வேண்டும். நாய்க்கென்றே ஒரு படிவமும் நிரப்பித் தரல் வேண்டும். அவன் அனுப்பிய நிழற்படங்களை எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். “நம்மிடமும் ஒரு வண்டி இருக்கிறதே!” என்றார் என் சிறிய தகப்பனார்.

அவர் குறித்தது தம் பழைய ஆம்னி வண்டியை. அதனைச் செய்த நிறுவனமே 2019-இல் அவ்வினத்தைக் கைவிட்டது. சிறிய தகப்பனார் இன்னும் கைவிட்டிலர். பின்னிருக்கையை மடக்கிப் பாய் விரித்தால், முழங்காலையும் மடக்கிக்கொள்ள இசைவார் இருவர் அதிற் படுக்கலாம். ‘இல்லவூர்தி’ என்று நான் அதற்குப் பெயரிட்டேன். ‘தள்ளுவூர்தி’ என்று என் தங்கை திருத்தினாள்.

நாங்கள் உல்லாசத்திற்காகப் புறப்பட்டோமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவன் பிளாக்கி, மெட்ரோ இரயிலுக்காக எங்கள் பேட்டையின் தெருக்கள் தோண்டப்பட்டுப் புழுதி பறந்த நாட்களிலே, தகரத் தடுப்பின் அடியிலிருந்து ஆயா எடுத்து வந்த குட்டி. (பாட்டியை ஆயா என்றழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.) இளையவள் ஜூலி, தானே வந்து சேர்ந்தவள். ஆயாவுக்கு முழங்கால் நோய் மிகுந்து மூன்று மாடி ஏறுதல் இயலாமற்போகவே, சென்ற ஆண்டு அவர் தரங்கம்பாடியிலுள்ள அத்தையின் தரைவீட்டிற்குப் போய்விட்டார். அன்று தொட்டுப் பிளாக்கி வாயிற்படியை விட்டு அகலவில்லை. மாலைவரை சோற்றை முகர்ந்தும் பாரான். இதற்கிடையே வீட்டுக்காரர், “நாய் ஒன்று இருக்கலாம், இரண்டானால் வேறு வீடு பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். அத்தையும், கோழி வளர்க்கும் வீடாதலின் ஒன்றற்குமேல் ஏலாது என்று தொலைபேசியிற் கூறினார். ஆகவே ஒன்று அங்கே, ஒன்று இங்கே. எது எங்கே என்பதுதான் கேள்வி.

“பிளாக்கிதான் போகவேண்டும்; அவன் யாருக்காக ஏங்குகிறான் என்பது தெரியவில்லையா?” என்றார் தந்தையார். எனக்கு அது தெரியாமலில்லை. ஆயினும், தேர்வுக்காலத்து இரவுகளில் நன்னூலும் நானும் தனித்திருந்தபோது என் காலடியில் மூன்றாமவனாகக் கிடந்தவன் அவன். ஜூலி பத்து மணிக்கே உறங்கிவிடுவாள். ஆதலின் இரண்டையும் அழைத்துச் செல்வதென்றும், அங்கே முடிவு செய்வதென்றும் நான் வாதாடி இணங்கச் செய்தேன்.

இரயிலிற் கொண்டு செல்லலாமே என்று கேட்பீர்கள். நாயோடு ஓரறையில் இருந்து செல்ல விரும்புவோர் குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர்க்குரிய சிற்றறையையோ நால்வர்க்குரிய அறையையோ முழுமையும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். அன்றேல் கார்டு வண்டியிலுள்ள கூண்டில் நாயை அடைத்து அனுப்பல் வேண்டும். முன்னதற்குப் பணமில்லை, பின்னதற்கு மனமில்லை. பேருந்து நடத்துநரைக் கேட்கவோ துணிவில்லை. எனவே ஆம்னியே கதியாயிற்று. வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் இரண்டிற்கும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்துச் சான்றும் பெற்றோம். புறப்படுமுன் வயிறாரச் சோறிடலாகாது, இரண்டு மணிக்கொருகால் இறக்கி நீர் காட்டல் வேண்டும், மூடிய வண்டியுள் வெயிலில் ஒரு கணமும் விட்டுச் செல்லலாகாது என்று மருத்துவர் அறிவுறுத்தினார். அப்போது அக்கினி நட்சத்திரக் காலம். ஆதலால் இரவு பத்து மணிக்குமேற் கிளம்பினோம்.

துறைமுகத்துச் சுமையுந்துகளின் வரிசையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையை அடைதற்குள்ளேயே ஜூலி இருமுறை வாந்தியெடுத்தாள். பிளாக்கி சாளரத்தில் முகம் வைத்தவன் வைத்தவனே. திருவான்மியூர் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிற் புகுந்தபின் கடற்காற்று வீசிற்று.

வெளிநாட்டுப் பிரயாணம் என்று சிறிய தகப்பனார் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்க்குங்கால் அது முற்றும் வேடிக்கையன்று. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. அப்பால் புதுச்சேரி, 1954 நவம்பர்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கடலூரில் ஆங்கிலேயர் கோட்டை. நாங்கள் நாடிச் சென்ற தரங்கம்பாடியோ, 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்றுக் குடியேறிய டேனியருக்கு உரியதாயிருந்து, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. இத்தனை தேசத்தாரும் இக்கரையை நாடியதன் காரணங்களுள் முதன்மையானது நம்மவர் நெய்த துணி. கும்பினியார்க்கு அத்துணியை வெளுத்துத் தந்தோர் குடியிருந்தமையாலன்றோ எங்கள் பேட்டைக்கும் அப்பெயர் வாய்த்தது! ஒரு காலத்தில் பாண்டிச்சேரிக்குச் செல்வோர் சுங்கச் சோதனைக்கு ஆளாயினர் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் எல்லையைக் கடந்ததை நாய்கள் அறியவில்லை. வரிசையாக ஒளிரும் மதுக்கடைகள் இல்லையேல் நாங்களும் அறிந்திரோம்.

அதற்கு முன்னரே மரக்காணத்து உப்பளங்களின் அருகே வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தோம். சிறிய தகப்பனார் சிற்றடுப்பை மூட்டித் தேநீர் காய்ச்சினார். பாத்தி பாத்தியாக நிலவொளியில் நீர் கிடந்தது. கத்தோலிக்கனான என் வகுப்புத் தோழன் முன்பொருகால் எனக்குப் படிக்கத் தந்த தோபித்து ஆகமம் நினைவிற்கு வந்தது. எங்கள் சபையார் வழங்கும் வேதப்புத்தகத்தில் அவ்வாகமம் இல்லை. தோபியா என்னும் இளைஞன் தந்தையின் பணத்தை மீட்கவேண்டித் தூரதேசத்திலுள்ள உறவினரிடம் செல்கிறான். தேவதூதனும் ஒரு நாயும் உடன் செல்கின்றனர். அந்நாய்க்குப் பெயர் இல்லை. போகும்போது ஒருமுறை, மீளும்போது ஒருமுறை, அவ்வளவே அதனைப் பற்றிய பேச்சு. எழுதினோன் அதனை ஏன் சேர்த்தான் என்று உரைகாரர் மயங்குவராம். நாய் வளர்த்த எவனும் அங்ஙனம் மயங்கான்.

விடியலில் கடலூர், பின்னர்ச் சிதம்பரம், கொள்ளிடப் பாலத்தில் இருவரையும் இறக்கவொட்டாமற் சுமையுந்துகள். சீகாழி கடந்து, திருக்கடையூர் கடந்து, 1792-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரங்கம்பாடி நகர வாயிலுள் வண்டி நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவ்வாயிலிலிருந்து நேரே கடலுக்குச் செல்லும் இராச வீதியில், சீகன்பால்கு ஐயர் 1718-இற் கட்டிமுடித்துத் தாமும் அடக்கமாகியுள்ள புதிய எருசலேம் ஆலயம் உள்ளது. பிற நாட்களில் நான் அங்கு நின்றிருப்பேன். அன்று நிற்கவில்லை.

அத்தையின் வீடு அதற்குச் சிறிது தொலைவிலுள்ள சந்தில். நான் கதவைத் திறந்ததுதான் தாமதம், கையிலிருந்த கயிற்றைப் பறித்துக்கொண்டு பிளாக்கி ஓடினான். இன்ன வீடு என்று அவனுக்குக் காட்டியோர் யாருமில்லை. ஆயா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவன் குரைக்கவில்லை, குதிக்கவில்லை, கீரை முறத்தை மிதித்துக்கொண்டு சென்று, நோவுள்ள முழங்காலின்மேல் தலையை வைத்து, ஒருவகை மெல்லிய ஒலி எழுப்பினான். முழங்காலைத் தொட்டாலே கூவிவிடும் ஆயா அன்று வாய்திறவாமல் அவன் காதை நீவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, “எளைச்சிட்டியேடா” என்றார். எங்களை நோக்கி ஒரு வார்த்தையும் சொன்னாரில்லை. அத்தை கோழிகளைக் கூடையால் மூட ஓடினார்.

நம் முன்னோர் நாய்க்கும் நடுகல் எடுத்தவர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்லொன்று உண்டு. தொறுப்பூசலில் வீழ்ந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று அதன் பெயரும் வெட்டப்பட்டுள்ளது. வகுப்பில் இதனைக் கேட்டபோது வீரத்தைக் குறித்தே எண்ணினேன். திண்ணையில் நின்ற அப்பொழுது, காத்து நின்றமை என்னும் சொல்லே நெஞ்சில் தைத்தது. எங்கள் வாயிற்படியில் ஓராண்டு பிளாக்கி செய்ததும் அதுவே.

மூன்று நாள் இருந்தோம். மாலைதோறும் டேன்ஸ்போர்க் கோட்டையின் அருகே மணலில் நாய்களை உலாவவிட்டேன். ஜூலி அலையைத் துரத்துவாள். பிளாக்கி சிறிது ஓடுவான், பின் வீட்டுப்பக்கம் திரும்பி நிற்பான். இரண்டாம் நாள் மாலையே தந்தையாரிடம், “பிளாக்கி இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்தார், வேறொன்றும் கேட்டிலர். புறப்பட்ட காலையில் ஜூலி முதலாவதாக வண்டியில் ஏறினாள். பிளாக்கி ஆயாவின் கட்டிலடியிலிருந்து வாலைமட்டும் இருமுறை தரையில் அடித்தான்.

திரும்புகையில் புதுச்சேரியைக் கடந்ததும் மதுவிலக்குச் சோதனைக்காகக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறக்கச் சொன்னார். பாயின்மேல் ஜூலியும், அவளருகே ஒரு கருவாட்டு மூட்டையும் இருந்தன. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார்.

வீட்டுக்காரர் இப்போது மாடிப்படியில் ஜூலியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார். அத்தை வாரந்தோறும் தொலைபேசியிற் பேசுகிறார். ஆயா கைத்தடி ஊன்றிக் காலையில் கடற்கரைவரை நடக்கிறாராம்; பிளாக்கி முன்னே சென்று, நின்று, திரும்பிப் பார்த்து அழைத்துச் செல்கிறானாம். வலை உலர்த்துவோர் அவனுக்குக் காரப்பொடி மீன் வீசுகின்றனராம். அவர்கள் வாயில் அவன் பெயர் ‘பழக்கி’ ஆகிவிட்டது. ஆயா நாள்தோறும் திருத்துகிறாராம்.