பெரியப்பாவின் சவரக் கத்தி

வீட்டுக்கு வீடு ஒரு பழம்பெட்டி உண்டு. அதன் அடியில் எவரும் பயன்படுத்தாத, ஆயினும் எவரும் எறியத் துணியாத பொருளொன்று கிடக்கும். எங்கள் இல்லத்தில் அத்தகைய பொருள் ஒரு மடக்குச் சவரக் கத்தி.

அது என் பெரியப்பாவுடையது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து எஃகு. ஞாயிறுதோறும் லயத்து இஸ்தோப்பில் கண்ணாடியை மாட்டிவைத்து அவர் முகம் மழிப்பாராம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பங்கீட்டில் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலும் ஆயினர். 1972இல் ஹட்டன் நிலையத்தில் கோச்சி ஏறியபோது, பெரியப்பா கத்தியை என் தந்தையிடம் கொடுத்து, "வைத்திரு தம்பி; வரும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றாராம். அவர் திரும்பவே இல்லை, கூடலூரில் காலமானார். தந்தையோ அக்கத்தியை ஒருநாளும் தம் முகத்தில் வைத்ததில்லை.

சென்ற ஆண்டு நான் பெட்டியைத் திறந்தபோது செலுலொயிட் கைப்பிடி நொறுங்கிக் கிடந்தது. அப்பொருள் முதுமையில் அமில ஆவியை வெளிவிடும். அவ்வாவி இரும்பைத் துருவேற்றும். காக்க வேண்டிய உறையே கத்தியை அரித்திருந்தது!

ஆணியின் தலையை அராவி நீக்கி, அலகைப் பிரித்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நுண்ணிய அரத்தாளால் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். சாணைச் சக்கரத்தை நாடவில்லை. சூடேறி எஃகு நீலம் பாய்ந்தால் அதன் பதம் கெட்டுவிடும்.

கைப்பிடிக்கு எந்த மரம்? தோட்டத்தில் பிடுங்கிப் போட்டிருந்த பழைய விதைத் தேயிலையின் அடிக்கட்டைகள் இரண்டைக் கொணர்ந்தேன். அடுப்புக்குப் போகவிருந்தவைதாம்; எனினும் தேயிலைக் கட்டை செறிவும் உறுதியும் உடையது. அவசரத்தால் ஈரம் உலருமுன் ஒன்றைப் பிளந்தேன். இரண்டே வாரத்தில் அது வெடித்துப்போயிற்று. "கவ்வாத்துக்குக் காலம் பார்க்கிறோம்; கட்டைக்குப் பார்க்க வேண்டாமா?" என்றார் தந்தை. மற்றதை அடுப்பங்கரைப் பரணில் ஆறு திங்கள் உலர்த்தினேன்.

பின்னர் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் இரு தகடுகள் சீவினேன். வால்புறத்தில் அவற்றினிடையே மாட்டுக் கொம்பினாலான சிறு ஆப்பொன்றை வைத்தேன். மடங்கும் அலகு மரத்தில் உரசாமல் காப்பது அதுவே. பித்தளைக் கம்பியைக் கோத்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தலையைப் பரப்பினேன். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும். இறுதியில், முதுகும் வாயும் ஒருங்கே படியக் கல்லில் தீட்டி, முதுகு முன்செல்லத் தோல்வாரில் தடவினேன்.

கத்தியைத் தந்தையின் கையில் வைத்தேன். எண்பது கடந்த அவருடைய விரல்கள் நடுங்கின. அலகைப் பாராது மரத்தையே நெடுநேரம் தடவினார்.

"எந்த மலையில் பிடுங்கியது?"

"ஏழாம் நம்பர் மலை, அப்பா."

"அண்ணன் கவ்வாத்து வெட்டிய மலை."

சிறிது நேரம் கழித்து, "எனக்கு மழித்துவிடு" என்றார். பிறர் கழுத்தருகே கத்தி பிடித்து எனக்குப் பழக்கமில்லை. தோலை இழுத்துப் பிடித்து, அலகைச் சற்றே சாய்த்து, மூச்சடக்கி மழித்தேன். ஒரு கீறலும் விழவில்லை.

தந்தை தாமே அலகைக் கழுவினார், ஈரம் போகத் துடைத்தார், மடித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "வைத்திரு" என்றார்.

வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லவில்லை.